காலம் யாருடைய சொத்து?

ரோம் நகரின் இலாத்தரன் பேராலயத்தில், போப்பாண்டவர் இரண்டாம் இன்னொசென்ட் தலைமையில், 1139ஆம் ஆண்டு ஏப்ரலில் கூடிய பொதுச்சங்கம், அதாவது ஆயர்களும் மடத்துத் தலைவர்களும் கூடித் திருச்சபைக்குச் சட்டம் வகுக்கும் பேரவை, 30 விதிகளை இயற்றியது. அவற்றுள் 12ஆவது விதி, எந்தெந்த நாட்களில் போர் செய்யலாகாது என்று வரையறுக்கிறது. அதை அடுத்து நிற்கும் 13ஆவது விதி, வட்டி வாங்குவோரைக் கண்டித்து, அவர்கள் மனம் திருந்தாமல் இறந்தால் கிறித்தவ முறைப்படி அடக்கம் பெறும் உரிமையை இழப்பார்கள் என்கிறது. போர்க்களமும் வட்டிக்கடையும் அடுத்தடுத்து வந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் அக்காலத்து இறையியலார் இவ்விரண்டையும் பற்றி எழுதியவற்றைச் சேர்த்துப் படிப்பவருக்கு, இரண்டின் அடியிலும் ஒரே கேள்வி கிடப்பது புலப்படும். காலம் யாருடைய சொத்து என்பதே அது. கடவுளுடையது எனில், அதில் ஒரு பங்கை மனிதன் கொலைக்குச் செலவிடலாமா, இன்னொரு பங்கை விலைபேசி விற்கலாமா? 11ஆம் நூற்றாண்டு முதல் 16ஆம் நூற்றாண்டு வரை இந்தக் கேள்வி பல்கலைக்கழகத்து வாதமேடையில் மட்டும் நிற்காமல், வீரனின் வாளிலும் வணிகனின் கணக்கேட்டிலும் சமையற்கட்டின் சட்டியிலும் விடை தேடி அலைந்தது.

கேள்வியின் வேர் பழையது. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக இருந்த அகுஸ்தீனார், தம் வாழ்க்கையைக் கடவுளிடம் அறிக்கையிடும் நூலின் 11ஆம் பகுதியில், உலகைப் படைப்பதற்கு முன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பவர்களுக்கு விடை சொல்கிறார்: காலமும் படைக்கப்பட்ட பொருளே ஆகையால், படைப்புக்கு ‘முன்’ என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. இந்த விடையிலிருந்து பின்வந்தோர் எளிய முடிவு ஒன்றைக் கண்டனர். படைக்கப்பட்ட பொருளுக்கு உடையவன் படைத்தவனே. வெயிலையும் மழையையும் போலக் காலமும் எல்லா உயிர்க்கும் பொதுவாக வழங்கப்பட்ட கொடை. பொதுக்கொடையைத் தனியொருவன் வேலியிட்டுக் கொள்ள இயலாது.

இந்த எண்ணம் சட்டமானது முதலில் போரின் பொருட்டே. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய பிரான்சின் தென்பகுதியில் அரசனின் கை தளர்ந்திருந்தது. சார்லமேன் வழிவந்த அரச மரபின் அதிகாரம் சிதறியபின் மேட்டுக்கு மேடு கோட்டை கட்டிக்கொண்ட சிற்றதிபர்கள் ஒருவரோடொருவர் பொருதினர். எதிரியின் மதிலை முட்டுவதைவிட எதிரியின் குடியானவனுடைய தொழுவத்தைக் காலிசெய்வது அவர்களுக்கு எளிதாக இருந்தது. 989இல் ஷாரூ என்ற ஊரின் மடத்தில் கூடிய ஆயர்கள், கோயிலைக் கொள்ளையிடுவோரையும், ஏழைகளின் ஆடு மாடு கழுதைகளைப் பறிப்போரையும், ஆயுதம் தாங்காத குருமாரை அடிப்போரையும் சபித்தனர். ‘கடவுளின் அமைதி’ என்று பெயர்பெற்ற இந்த முயற்சி ஆட்களையும் உடைமைகளையும் காக்க எழுந்தது. பிறகு 1027இல், பெர்ப்பிஞான் நகருக்கு அருகிலுள்ள துலூஜ் என்ற ஊரில், விக் நகர ஆயர் ஒலிபாவின் முயற்சியால் கூடிய அவை இன்னும் ஒரு படி மேலே சென்றது. சனிக்கிழமை ஒன்பதாம் மணி முதல் திங்கட்கிழமை முதல் மணி வரை எவரும் தம் பகைவரைத் தாக்கலாகாது என்று அது விதித்தது. ‘கடவுளின் போர்நிறுத்தம்’ எனப்படும் இந்த ஏற்பாட்டில் காவல் பெற்றது ஒரு நாள்; அந்த நாளுக்குள் நிற்கும் எவரும், நல்லவரோ தீயவரோ, அதன் நிழலில் நின்றனர்.

அடுத்த பதினைந்தே ஆண்டுகளில் அந்த நிழல் நீண்டது. ஆர்ல் நகரப் பேராயரும் பிறரும் 1041ஐ ஒட்டி விடுத்த மடல், புதன்கிழமை மாலை முதல் திங்கட்கிழமை காலை வரை போரை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு நாளுக்கும் காரணமும் காட்டியது: வியாழன் கிறிஸ்து விண்ணேறிய நாள், வெள்ளி அவர் பாடுபட்ட நாள், சனி அவர் கல்லறையில் கிடந்த நாள், ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள். 1139ஆம் ஆண்டின் விதி இதனோடு இரண்டு பருவங்களையும் சேர்த்தது. கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்கித் திருக்காட்சி விழாவின் எட்டாம் நாள் வரையிலும், தவக்காலத்துக்கு முந்தைய ஞாயிறு தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவின் எட்டாம் நாள் வரையிலும் வாள் உறையிலேயே இருக்க வேண்டும். விதியை எழுத்துப்படி கணக்கிட்டால் ஆண்டில் போருக்கு எஞ்சுபவை ஏறத்தாழ 110 நாட்கள். இதற்கு முந்தைய 11ஆம் விதி, குருமாரும் துறவியரும் பயணிகளும் வணிகரும் உழவரும், உழவு மாடுகளும் வயலுக்கு விதை சுமக்கும் விலங்குகளும் ஆடுகளும் எந்நாளும் பாதுகாப்புடன் இருக்க வேண்டும் என்கிறது. பேரரசர்களையும் போப்பாண்டவர்களையும் பற்றிய பெரும் வழக்குகளுக்கு இடையே, விதைமூட்டையை நினைவில் வைத்து அதற்கும் ஒரு சொல் ஒதுக்கிய அந்த அவையை எளிதில் மறக்க முடியாது.

போர்நிறுத்தம் நடைமுறையில் அரிதாகவே நின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோட்டையை முற்றுகையிட்டவன் புதன் மாலை கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்த் திங்கள் காலை திரும்பிவர முடியாது. அடிபடுபவன் வியாழக்கிழமை என்பதற்காகத் திருப்பி அடிக்காமல் இருக்கவும் முடியாது. இருந்தும் நாளின் புனிதம் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது என்பதற்கு 1214 ஜூலை 27ஆம் நாள் சான்று. அன்று ஞாயிற்றுக்கிழமை. பிரான்சு அரசன் பிலிப் அகுஸ்துவின் படை மார்க் ஆற்றின் மீதுள்ள பூவின் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தது. வெயிலாலும் கவசத்தின் பாரத்தாலும் களைத்த அரசன், புனித பேதுருவின் பெயரால் அமைந்த ஒரு சிறு கோயிலின் அருகே, மரநிழலில் கவசம் களைந்து அமர்ந்திருந்தபோது, பேரரசன் நான்காம் ஒட்டோவின் படை பின்னணியைத் தாக்கிவிட்டதாகச் செய்தி வந்தது. அரசனுடன் இருந்த குருவாகிய பிரெத்தோன் வில்லியம் எழுதிவைத்த வரலாற்றின்படி, அரசன் கோயிலுக்குள் சென்று சுருக்கமாக மன்றாடிவிட்டு, வெளியே வந்து குதிரையேறினான். ஞாயிற்றுக்கிழமையில் போரைத் தொடங்கியவன் ஒட்டோ, பிலிப் வேறு வழியின்றி எதிர்நின்றான், ஆகவே ஒட்டோவின் தோல்வி நாளை மீறியதற்கான தண்டனை என்ற விளக்கம் வெற்றிபெற்ற தரப்பில் வேரூன்றியது. வென்றவர் தமக்குச் சாதகமாக எழுதிய விளக்கம் என்றாலும், வெற்றியே பெற்ற பின்னும் ஞாயிறுக்கு விடைசொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் கவனிக்கத் தக்கது.

13ஆம் நூற்றாண்டின் பேரறிஞரான தாமஸ் அக்குவினாஸ், தம் இறையியல் தொகுப்பில் போரைப் பற்றி எழுப்பும் நான்கு வினாக்களில் கடைசி வினா, திருநாட்களில் போர் செய்யலாமா என்பதே. மக்கபேயர் நூலில், ஓய்வுநாளில் ஆயுதம் எடுக்க மறுத்து மடிந்த யூதர்களைக் கண்ட மற்றவர்கள், இனி அந்நாளில் தாக்கப்பட்டால் எதிர்த்து நிற்பது என்று முடிவெடுத்த நிகழ்ச்சியை அவர் எடுத்துக்காட்டி, ஒருவனின் உடல்நலத்துக்காக ஓய்வுநாளில் மருத்துவம் செய்யலாம் என்றால், நாட்டின் நலத்துக்காக அந்நாளில் போரிடவும் செய்யலாம் என்கிறார். ஆனால் தேவை நீங்கியதும் அனுமதியும் நீங்கிவிடும் என்று எல்லை கட்டுகிறார். நியாயமான எல்லைதான். ஆனால் தேவை எது என்பதைப் போரிடுபவனே தீர்மானிக்கும் வரையில், அந்த எல்லைக்கு வேலி இல்லை. பழைய விதியின் வலிமை அதன் முரட்டுத்தனத்தில் இருந்தது. அது காரணம் கேட்கவில்லை, கிழமையை மட்டும் கேட்டது. ஆகவே எழுதப் படிக்கத் தெரியாத குடியானவனும் வியாழக்கிழமை சந்தைக்குப் போய்வரலாம் என்று நம்புவதற்கு அதில் இடம் இருந்தது.

வட்டியின் வழக்கு இதைவிடச் சிக்கலானது. இன்று ‘கடுவட்டி’ என்று சொல்லும்போது அளவுக்கு மிஞ்சிய வட்டியையே கருதுகிறோம். இடைக்காலத் திருச்சபையோ, கடனாகக் கொடுத்த முதலுக்கு மேல் பெறும் ஒரு காசையும் ‘ஊசூரா’ என்ற ஒரே பெயரால் விலக்கியது. அதற்கு மூன்று வகை ஆதாரங்கள் இருந்தன. விவிலியத்தின் இணைச்சட்ட நூல் சகோதரனிடம் வட்டி வாங்கலாகாது என்று தடுத்தது. லூக்கா நற்செய்தி எதையும் எதிர்பாராமல் கடன் கொடுக்கச் சொன்னது. அரிஸ்டாட்டில், பணம் பரிமாற்றத்துக்காகப் பிறந்தது, பணமே பணத்தை ஈனுவது இயற்கைக்கு மாறானது என்றார். கிரேக்க மொழியில் வட்டியைக் குறிக்கும் ‘தோகொஸ்’ என்ற சொல்லுக்கு ஈன்ற குட்டி என்று பொருள்; வட்டி குட்டி போடும் என்று தமிழிலும் வழங்குவதால் இந்த உவமை தமிழருக்கு அயலாகத் தோன்றாது. மூன்றாவதாக அக்குவினாஸ் தரும் வாதம் நுட்பமானது. வீட்டை உடைமையாக வைத்துக்கொண்டே அதன் பயன்பாட்டை மட்டும் வாடகைக்கு விடலாம். ஆனால் மதுவைக் குடிப்பதும் அதைத் தீர்ப்பதும் ஒன்றே ஆதலால், மதுவுக்கு ஒரு விலையும் குடிப்பதற்கு ஒரு விலையும் கேட்பது ஒரே பொருளை இருமுறை விற்பதாகும். பணமும் மதுவைப் போலச் செலவாவதிலேயே பயன்படுவதால், முதலையும் கேட்டு வட்டியும் கேட்பது இல்லாத பொருளை விற்பது.

அதே நூற்றாண்டின் தொடக்கத்தில், பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமாருக்கு வழிகாட்டி நூல் எழுதிய ஆங்கிலேயர் தாமஸ் சோபம் வேறொரு வாதத்தை முன்வைத்தார்; சாமானியர் நெஞ்சில் ஆழப் பதிந்தது இதுவே. வட்டிக்காரன் தன்னுடைய பொருள் எதையும் விற்கவில்லை. கொடுத்த நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை விற்கிறான். அந்தக் காலம் கடவுளுடையது. அதுவும் உழைப்பே இல்லாமல், தான் உறங்கும்போதும் இலாபம் ஈட்டுகிறான். பாரிசில் கற்பித்த ஓசேர் நகர வில்லியமும், எல்லாப் படைப்புகளுக்கும் பொதுவான காலத்தை விற்பவன் இயற்கைச் சட்டத்தை மீறுகிறான் என்றார். மறையுரையாளர்கள் இதை மேலும் கூர்மையாக்கினர். காலம் என்பது பகலும் இரவும். பகல் ஒளிக்கானது, இரவு ஓய்வுக்கானது. ஒளியையும் ஓய்வையும் விற்றுவிட்டவனுக்கு மறுமையில் முடிவில்லா ஒளியும் முடிவில்லா ஓய்வும் எப்படி உரியதாகும்? இறந்தோருக்காகத் திருச்சபை வேண்டும் இரு வரங்கள் முடிவில்லா ஓய்வும் முடிவில்லா ஒளியுமே என்பதை அறிந்த மக்கள் நடுவில், இது எத்தகைய அச்சத்தை விளைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். உழவு மாட்டுக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை நுகம் அவிழும், வட்டி என்னும் மாட்டுக்கு அவிழ்வதே இல்லை என்றும் அவர்கள் சொன்னார்கள்.

இந்த வாதம் எவ்வளவு அழகானதோ அவ்வளவு ஆபத்தானதும்கூட, ஏனெனில் அது வட்டிக்காரனோடு நிற்பதில்லை. நிலத்தை ஆண்டுக் குத்தகைக்கு விடுபவனும், நாட்கூலிக்கு வேலை செய்பவனும் காலத்தைத்தானே விற்கிறார்கள்? அறிவு கடவுளின் கொடை, ஆகவே அதை விற்கலாகாது என்ற அதே அச்சில் வார்த்த வாதம் பல்கலைக்கழக ஆசிரியர்களையும் தொட்டது. தாங்கள் பெறுவது அறிவுக்கான விலை அன்று, உழைப்புக்கான கூலி என்று சொல்லி அவர்கள் தப்பினர். உழைப்பு என்ற அந்தச் சொல்லே வணிகருக்கும் கதவைத் திறந்தது. கடன் கொடுத்ததால் கொடுத்தவனுக்கு நேர்ந்த இழப்பையும், அந்தப் பணத்தைத் தொழிலில் இட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய இலாபத்தையும் ஈடாகப் பெறலாம் என்று சட்ட அறிஞர்கள் சிலர் ஒத்துக்கொண்டனர். இந்த ஈட்டுக்கு அவர்கள் இட்ட இலத்தீன் பெயர் ‘இந்தெரெஸ்ஸெ’, அதாவது ‘இடையில் இருப்பது’. இன்று ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வட்டிக்கு வழங்கும் பெயர் இதிலிருந்து வந்ததே. பாவத்துக்கு வைத்த பெயர் மறைந்து, விதிவிலக்குக்கு வைத்த பெயர் நிலைத்தது.

வணிகர் கண்ட இன்னொரு வழி உண்டியல். ஒரு நகரத்தில் ஒரு நாணயத்தில் பணம் வாங்கிக்கொண்டு, வேறொரு நகரத்தில் வேறொரு நாணயத்தில் அதைச் செலுத்தும்படி தம் முகவருக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. வெனிசிலிருந்து இலண்டனுக்கு எழுதினால் மூன்று மாதத் தவணை என்பது வழக்கம். அந்த மூன்று மாதத்துக்கான வட்டி நாணய மாற்று விகிதத்துக்குள் கரைந்துவிடும். விகிதம் மாறினால் இழப்பும் நேரும் என்பதால் இது கடன் அன்று, நாணய மாற்றுத்தான் என்று இறையியலாரில் பெரும்பாலோர் ஏற்றனர். காலத்தை விற்கலாகாது, தூரத்தை விற்கலாம் என்பதே இதன் உட்பொருள். இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநீதி. அவர்கள் உண்மையாகவே அஞ்சினார்கள். பிராத்தோ நகரப் பெருவணிகர் பிரான்செஸ்கோ தாத்தினி தம் கணக்கேடுகளின் தலைப்பில் கடவுளின் பெயரையும் இலாபத்தின் பெயரையும் சேர்த்தே எழுதினார். 1410இல் இறந்தபோது தம் செல்வத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்கான அறநிலையத்துக்கு விட்டுச்சென்றார். பதுவா நகரத்து ரெஜினால்தோ ஸ்க்ரோவெஞியைக் கவிஞர் தாந்தே தம் காவியத்தின் நரகத்தில் வட்டிக்காரர்களிடையே உட்காரவைத்து, அவருடைய குலச்சின்னமாகிய சினைப் பன்றி வரைந்த பணப்பையைக் கழுத்தில் மாட்டுகிறார். ஈன முடியாத பணத்தை ஈனவைத்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைத்திராது. அவருடைய மகன் என்ரிக்கோ கட்டி, ஜோத்தோவின் ஓவியங்களால் நிறைத்து, 1305இல் அர்ப்பணித்த சிறுகோயில், தந்தையின் பாவத்துக்குக் கழுவாய் என்றே வழிவழியாகக் கருதப்படுகிறது. அதன் இறுதித் தீர்ப்பு ஓவியத்தில் என்ரிக்கோ மண்டியிட்டுக் கோயிலின் வடிவத்தை அன்னை மரியாவிடம் ஏந்தி நீட்டுகிறார்.

ஆனால் இந்த அச்சத்தின் சுமையை வேறு சிலர் உயிரால் தாங்க நேர்ந்தது. சகோதரனிடம் வாங்காதே, அயலானிடம் வாங்கலாம் என்ற இணைச்சட்ட வாக்கியத்தின் பிற்பாதியைப் பற்றிக்கொண்டு, நிலவுடைமையும் பல தொழில்களும் மறுக்கப்பட்ட யூதர்களைக் கடன்தொழிலுக்குள் தள்ளிய அரசுகள், அவர்கள் ஈட்டியதை வரியாகக் கறந்துகொண்டு, மக்களின் வெறுப்பை மட்டும் அவர்களிடம் விட்டுவைத்தன. இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு 1275இல் அவர்களுக்கு வட்டித்தொழிலைத் தடைசெய்து, 1290இல் நாட்டைவிட்டே துரத்தினான். ஏழையைக் காக்கப் பிறந்த விதி, தன் பாவத்தை ஏற்றிவைக்க வேறொரு ஏழையைத் தேடிக்கொண்டது என்பதை அந்த விதியைப் போற்றுவோரும் நேர்நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழைக்கு உண்மையில் உதவிய வழி 1462இல் பெரூஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவியர் முயற்சியால் தோன்றிய அடகு நிலையமே. அது செலவுக்கு மட்டும் சிறுதொகை பெற்றுக்கொண்டு கடன் கொடுத்தது. அந்தச் சிறுதொகையும் வட்டியா என்று அரை நூற்றாண்டு சண்டை நடந்தபின், 1515இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் அதை ஏற்றது.

போரிலும் வணிகத்திலும் இப்படி வளைந்து நெளிந்த காலத்தின் விதி, உணவில் மட்டும் இரும்பாக நின்றது. தமிழ்க் கத்தோலிக்கர் ஒருசந்தி என்றும் சுத்தபோசனம் என்றும் வழங்கும் நோன்புகள் ஐரோப்பாவில் ஆண்டின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நாட்களை ஆண்டன. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இல்லை; தவக்காலத்தில் முட்டை, பால், வெண்ணெய்கூட இல்லை; மீன் உண்டு. கடலிலிருந்து தொலைவில் வாழ்ந்த கோடிக்கணக்கான மக்களுக்கு இந்த மீனைச் சேர்க்க வேண்டியிருந்ததால், சாளையின் இனத்தைச் சேர்ந்த ஹெர்ரிங் மீனைச் சுற்றிப் பெருவணிகம் எழுந்தது. லூனபர்க் உவர்நீர் ஊற்றின் உப்பு லூபெக் துறைமுகம் வழியாகச் ஸ்கேனியாக் கரைக்குப் போய், அங்கே குடல் நீக்கிய மீனோடு பீப்பாயில் அடைபட்டுத் திரும்பி வந்தது. அந்த வணிகத்துக்குக் கால அட்டவணை வகுத்தது திருச்சபையின் நாட்காட்டி.

இந்த மூன்று இழைகளும் ஒரே முடிச்சில் சேர்ந்த நாள் ஒன்று உண்டு. 1428 அக்டோபர் முதல் ஆங்கிலேயர் ஓர்லியான் நகரை முற்றுகையிட்டிருந்தனர். மறு ஆண்டு தவக்காலம் நெருங்கியது. கூடாரத்தில் இருந்த வீரர்கள் இறைச்சி உண்ண முடியாது. ஆகவே ஜான் ஃபாஸ்டால்ஃப் என்ற தளபதியின் காவலில் பாரிசிலிருந்து ஹெர்ரிங் பீப்பாய்கள் ஏற்றிய வண்டித்தொடர் புறப்பட்டது. பிப்ரவரி 12ஆம் நாள், ரூவ்ரே என்ற ஊருக்கு அருகே பிரெஞ்சுப் படையும் அதனுடன் சேர்ந்த ஸ்காட்லாந்துப் படையும் அதை வழிமறித்தன. ஃபாஸ்டால்ஃப் வண்டிகளை வளைத்து நிறுத்தி, வில்லாளரை அவற்றின் மறைவில் வைத்தார். ஸ்காட்லாந்தியரின் தலைவர் ஜான் ஸ்டூவர்ட், படைத்தலைவரான கிளெர்மோன் பிரபுவின் கட்டளைக்குக் காத்திராமல் குதிரையிலிருந்து இறங்கி முன்னேறி, அம்பு மழையில் தம் வீரரோடு மாண்டார். வரலாற்றில் இதற்கு ஹெர்ரிங் போர் என்றே பெயர். அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 27இல் வந்தது; எனவே தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 9. நெற்றியில் சாம்பல் பூசி, மனிதன் மண் என்பதை நினைவூட்டிக்கொண்ட மூன்றாம் நாள், சனிக்கிழமையில், இந்தப் போர் நடந்தது. 1139ஆம் ஆண்டின் விதிப்படி அந்த நாள் கிழமையாலும் பருவத்தாலும் இருமுறை தடுக்கப்பட்ட நாள். அந்த வீரர்கள் இறைச்சியைத் தொட அஞ்சினார்கள். மனிதரைக் கொல்ல அஞ்சவில்லை.

அவர்களை வேடதாரிகள் என்று பழிப்பது எளிது; உண்மை அதைவிடத் துயரமானது. நோன்பின் விதியைத் தாங்கிப் பிடிக்க ஒரு முழு உலகம் இருந்தது: பாவசங்கீர்த்தனத்தில் கேள்வி கேட்கும் குரு, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் அயலார், மீனைக் கொண்டுவந்து சேர்க்கும் வணிகர். போர்நிறுத்தத்தின் விதிக்கு அப்படித் துணை எதுவும் இல்லை. அதைக் காக்க வேண்டியவர்கள் அரசர்கள், மீறியவர்களும் அவர்களே. ஒருவன் தன் தட்டில் தனியாகக் கடைப்பிடிக்கக்கூடிய அறம் நிலைத்தது. இரு படைகள் சேர்ந்து கடைப்பிடித்தால்தான் உயிர்பெறும் அறம் நிலைக்கவில்லை.

இதற்கிடையில் காலத்தின் மீது வேறொருவர் உரிமை கொண்டாடத் தொடங்கியிருந்தார். மடங்களில் நாள் என்பது வழிபாட்டு வேளைகளால் பிரிக்கப்பட்டிருந்தது. சூரியன் எழுவதிலிருந்து மறையும் வரை பன்னிரண்டு மணி என்பதால், வட பிரான்சில் கோடையின் ஒரு மணி இன்றைய கணக்கில் ஏறத்தாழ 80 நிமிடமாக நீண்டு, குளிர்காலத்தில் 40 நிமிடமாகச் சுருங்கும். துணி நெய்து விற்ற நகரங்களுக்கு இந்த நெகிழ்வு போதவில்லை. 1355இல் ஆர்த்துவாப் பகுதியின் ஆளுநர், லீஸ் ஆற்றங்கரையிலுள்ள ஏர் நகரத்தாருக்கு, வணிகத்துக்கும் நெசவாளரின் வேலைக்குமான நேரத்தை ஒலிக்கும் மணிக்கூண்டு ஒன்று கட்ட அனுமதி அளித்தார். கொமின் என்ற ஊரில், காலை மணி ஒலித்தபின் வந்த நெசவாளர் 5 சூ தண்டம் கட்ட வேண்டியிருந்தது. தெருவான் நகரத்தில் தொழிலாளர் எழுப்பிய எதிர்ப்பால், 1367இல் பேராலயக் குருமார் அவை தொழிலாளர் மணியை என்றென்றைக்கும் அடிக்காமல் நிறுத்துவதாக வாக்களிக்க வேண்டியதாயிற்று. வேலைமணியை எதிர்த்த அந்தத் தொழிலாளர் இறையியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் கடவுளின் மணி தங்களை மன்றாட அழைத்தது என்பதும், இந்த மணி தங்கள் நாளையே வேறொருவர் கணக்கில் எழுதுகிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சம நீளமுள்ள 24 மணிகளை ஒலிக்கும் இயந்திரக் கடிகாரம் மிலான் நகரில் 1336இலேயே அமைந்துவிட்டது. கோடையும் குளிரும் இனி அதற்கு ஒன்றே.

போரும் அந்த வழியே சென்றது. தலைவனுக்கு ஆண்டில் இத்தனை நாள் படைப்பணி என்று கடமையாக இருந்தது, இத்தாலியில் ‘கொந்தோத்தா’ எனப்படும் ஒப்பந்தமாக மாறி, கூலிப்படைத் தலைவன் இத்தனை மாதம் போரிடுவான், தேவைப்பட்டால் இன்னும் இத்தனை மாதம் நீட்டிக்கலாம் என்று எழுத்தில் விற்கப்பட்டது. 1430களில் பிளாரன்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த லியோன் பத்திஸ்தா அல்பெர்த்தி குடும்ப வாழ்க்கையைப் பற்றி எழுதிய உரையாடல் நூலில் வரும் முதியவர், மனிதன் தனக்குச் சொந்தம் என்று சொல்லக்கூடியவை மூன்று என்று எண்ணி, ஆன்மா, உடல் ஆகியவற்றோடு மூன்றாவதாகக் காலத்தை வைக்கிறார். தாமஸ் சோபம் கேட்டிருந்தால் திடுக்கிட்டிருப்பார். முதியவர் சொல்வதில் சோம்பலை வெறுக்கும் உயர்ந்த ஒழுக்கம் உண்டு என்பது உண்மையே. ஆனால் காலம் கடவுளின் கையை விட்டு மனிதன் கைக்கு வந்ததும் எல்லா மனிதர் கைக்கும் சமமாக வரவில்லை என்பதைத் தெருவான் நகரத்துத் தொழிலாளர் அவருக்கு முன்பே அறிந்திருந்தனர்.

இரு காலங்களும் நேருக்கு நேர் மோதிய இடம் ஒரு அச்சுக்கூடத்தின் சமையலறை. 1522ஆம் ஆண்டின் தவக்காலத்தில், சூரிக் நகர அச்சாளர் கிறிஸ்தோஃப் ஃப்ரோஷௌவர் வீட்டில் தொழிலாளர் சிலர் உப்பிட்டு உலர்த்திய இறைச்சிக் குழல்களைத் துண்டு போட்டு உண்டனர். சீர்திருத்தக் குரு உல்ரிக் ஸ்விங்லி உடனிருந்தும் தாம் உண்ணவில்லை. நகர அவையின் விசாரணையில் அச்சாளர் சொன்ன காரணம், பிராங்பர்ட் சந்தை நெருங்கிவிட்டது, புனித பவுலின் மடல்களை அதற்குள் அச்சிட்டு முடிக்க இரவும் பகலும் உழைக்கும் ஆட்கள் கஞ்சியை மட்டும் உண்டு தாங்க முடியாது என்பது. சந்தையின் நாள் தவக்காலத்தின் நாளை வென்றது. வென்றதும் வேதநூலின் பெயரால். ஸ்விங்லி உணவின் உரிமையைப் பற்றி மறையுரை ஆற்றி, அதை நூலாகவும் வெளியிட்டார்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் ரோம் தன் பழைய உரிமையை ஒருமுறை முழுமையாகச் செலுத்தியது. சூலியஸ் சீசரின் நாட்காட்டி சூரியனைவிடச் சிறிது பின்தங்கியே நடந்ததால், இரவும் பகலும் சமமாகும் வசந்த நாள் மார்ச் 21இலிருந்து 11க்கு நழுவிவிட்டிருந்தது. அந்த நாளைக் கொண்டு கணிக்கப்படும் உயிர்ப்புப் பெருவிழாவும் தன் இடத்தைவிட்டு விலகிற்று. போப்பாண்டவர் 13ஆம் கிரகோரி 1582 பிப்ரவரியில் வெளியிட்ட ஆணை, அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாளுக்கு அடுத்த நாளை 15 என்று எண்ணச் சொல்லிப் பத்து நாட்களை நீக்கியது. ஸ்பெயினின் ஆல்பா தெ தோர்மெஸ் மடத்தில் அந்த இரவிலேயே அவிலா நகரத் தெரேசா உயிர்நீத்தார். அதனால் அவருடைய திருநாள் அக்டோபர் 15ஆக அமைந்தது. அந்தப் பத்து நாட்களும் கடவுளின் விழாவுக்காகவே நீக்கப்பட்டன. ஆனால் ஆண்டுதோறும் மாதந்தோறும் பணம் செலுத்தக் கடமைப்பட்டவர்களை அந்த ஆணையின் ஆசிரியர்கள் மறக்கவில்லை. இந்த நீக்கத்தால் எவருக்கும் இழப்பு நேராதிருக்க, வழக்கு எழுந்தால் ஒவ்வொரு தவணையின் முடிவிலும் வேறு பத்து நாட்களைச் சேர்த்துக் கொடுக்கும்படி நீதிபதிகளுக்கு அதே ஆணை அறிவுறுத்தியது.